டென்சிலின் நேர் நடை

மூன்றாவது முறையும் டென்சில் நேராகத்தான் நடந்தார்.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மெடிக்கல் போர்டாக உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி பிரிஸில்லா. போர்டுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"என்னாங்க இது, சர்ச்சுல காணிக்கைத் தட்டு தூக்கிட்டுப் போற மாதிரி போறீங்க. நொண்டுங்க."

"நொண்டத்தான் செய்யறேன்."

"கூடவே குடித்தனம் பண்ற எனக்கே தெரியல. டாக்டருக்கு எப்படித் தெரியும்?"

சில வருடங்களுக்கு முன் ஹென்னூர் மெயின் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி டென்சிலின் பைக்கைச் சாய்த்ததில், அவருடைய இடது கால் குட்டையாகி, முட்டியும் பாதிக்கு மேல் மடங்காமல் போயிற்று. நாற்பத்தைந்து சதவீதம் ஊனம் என்று சான்றிதழ் கொடுத்து அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தந்து வந்தது. மகள் விஜியின் நர்சிங் ஹாஸ்டல் அதில்தான் ஓடியது. இப்போது மறுபரிசோதனைக்கு மெடிக்கல் போர்டு முன் வரச் சொல்லிவிட்டார்கள். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் தொகை நின்றுவிடும்.

கால் அப்படியேதான் இருந்தது. பிரச்சினை காலில் இல்லை, டென்சிலின் கௌரவத்தில் இருந்தது. ஒரு காலத்தில் லிங்கராஜபுரம் கால்பந்து அணியில் லெஃப்ட் விங் ஆடியவர். அந்தக் காலை இழுத்துக்கொண்டு அதே தெருவில் போவதா? இடது ஷூவுக்குள் மறைவாகத் தடிமனான அட்டை வைத்தார். இடப்பக்கச் சாய்வை ஈடுகட்டப் பையை வலது கையில் பிடித்தார். வலி எடுக்கும் இடத்திலெல்லாம் போன் வந்ததுபோல நின்று, யாருமில்லாத போனில் யாரையோ திட்டினார். இத்தனை வருட உழைப்பில் மனிதருக்கு நொண்டவே மறந்துவிட்டது.

"ஷூவக் கழட்டிட்டு நடங்க" என்றாள் பிரிஸில்லா.

கழற்றினார். இடது பாதம் தானாக நுனிக்காலில் எழும்பி உயரத்தைச் சரிக்கட்டியது. முன்பைவிட மிடுக்காகவே இருந்தது.

கீழ்வீட்டு ஆட்டோக்கார நாகேஷ் துணி காயப்போட வந்தவர், வந்த வேலையை விட்டுவிட்டு யோசனை சொன்னார்.

"செருப்புக்குள்ள ஒரு ஜல்லிக்கல்லு போடுங்கண்ணா. வலிச்சா கால் தானா நொண்டும்."

"நல்லா இருக்கற மனுஷனா நான்? எதுக்குக் கல்லு?"

"நல்லா இல்லேன்னு உங்க காலுக்குத் தெரியணுமேண்ணா."

கல் உடனே வேலை செய்தது. டென்சில் இரண்டடி அருமையாக நொண்டினார். பிரிஸில்லா கை தட்டினாள். அந்தப் பாராட்டில் மயங்கி, நொண்டியபடியே படியிறங்கிக் காட்டப் போனார். மூன்றாவது படியில் வலது கால், அதாவது நல்ல கால், பிசகிக்கொண்டது.

மறுநாள் காலையில் வலது கணுக்கால் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. போர்டு அன்றைக்குத்தான்.

"பரவால்ல, நல்லதுக்குத்தான்" என்றாள் பிரிஸில்லா. "இப்போ கேக்கவே வேணாம். நடங்க பார்க்கலாம்."

டென்சில் நடந்தார். இடது கால் இந்தப் பக்கம் சாய்த்தது. வலது கால் அதே அளவுக்கு அந்தப் பக்கம் சாய்த்தது. இரண்டு நொண்டலும் ஒன்றையொன்று ஈடுகட்டி, அவர் சமையலறை வரை கோடு கிழித்ததுபோல் போய்ச் சேர்ந்தார். விபத்துக்குப் பிறகு அவ்வளவு நேராக அவர் நடந்ததே இல்லை. பிரிஸில்லா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இளவேனில் ரொம்பப் பேசவில்லை. கட்டிலில் படுக்கச் சொன்னார். டேப்பை எடுத்து இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களையும் அளந்தார். முட்டியை மடக்கிப் பார்த்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆச்சு. வெளிய உட்காருங்க."

டென்சிலுக்குத் திக்கென்றது. உள்ளே வரும்போது நேராக நடந்ததைப் பார்த்து முடிவு கட்டிவிட்டார்களோ?

"நடந்து காட்டட்டுமா டாக்டர்?"

"வேணாம்."

"ஒரே ஒரு தடவை. வெளியூர்ல இருந்து வரல, லிங்கராஜபுரந்தான், இருந்தாலும் பிராக்டீஸ் பண்ணிட்டு வந்திருக்கேன்."

அவர் வாயைப் பிரிஸில்லா பொத்துவதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். எவ்வளவோ முயன்றார். இடது பக்கம் சாயும்போதெல்லாம் வலது கால் நியாயம் பேசி நிமிர்த்தியது. சுவர் வரை போய்த் திரும்பும்போது, பழைய பழக்கத்தில் ஒரு புன்னகையும் வந்து தொலைத்தது.

"நல்லா நடக்கறீங்களே" என்றார் டாக்டர்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருடம் ஏங்கியிருந்தார். இப்போது அதைக் கேட்டதும் விஜி பெட்டியோடு ஹாஸ்டலிலிருந்து இறங்கி வருவது கண்ணில் தெரிந்தது.

"ஐயோ, அது நடையே இல்ல டாக்டர். ரெண்டு நொண்டி சேர்ந்தது" என்று ஷூ அட்டை, போன் நாடகம், ஜல்லிக்கல், மூன்றாவது படி எல்லாவற்றையும் ஒப்பித்தார். டாக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

கணவனும் மனைவியும் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். தன் கௌரவத்துக்கு மகளின் படிப்பையே மொய் எழுதிவிட்டோமே என்று டென்சில் தன்னையே நொந்துகொண்டார்.

அறை உதவியாளர் சந்திரம்மா காகிதத்தோடு வந்தாள்.

"நாப்பத்தஞ்சு அப்படியே இருக்கு சார். பர்மனென்ட்னு போட்டாங்க. இனிமே வர வேணாம்."

பிரிஸில்லா அழுதே விட்டாள். டென்சில்தான் நம்பாமல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நான் அவ்ளோ நேரா நடந்தேனேம்மா. நடிக்கறேன்னு டாக்டருக்குச் சந்தேகமே வரலையா?"

"வராம என்ன சார்? நொண்டற மாதிரி நடிக்கறவங்க எப்பவாவது ஒருத்தர் வருவாங்க. உங்கள மாதிரி நல்லா இருக்கற மாதிரி நடிக்கறவங்க தினமும் வர்றாங்களே, அவங்க நடைய நம்பக் கூடாதுன்னுதான் டாக்டரம்மா டேப்பே வெச்சிருக்காங்க."