பிரபாகர் மேல் நான் ஒட்டிய ஸ்டிக்கர்

முதலிபாளையம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கை நிர்மலாவுக்கு அண்ணன் நஞ்சப்பன் எழுதுவது. கல்லூரியில் உன் வகுப்பும் வீட்டில் மாப்பிள்ளையின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் நலத்தை மட்டும் கேட்காதே அம்மிணி.

இளைஞர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்ற உன் சமூகவியல் புத்தகத்தைப் போன மாதம் இங்கே மறந்து வைத்துவிட்டுப் போனாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போகும் வீடு, நெருக்கடியான தெரு, கைக்கு எட்டாத ஆசை, கூடாத சேர்க்கை என்று அதில் போட்டிருக்கும் காரணமெல்லாம் நம் பிரபாகருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்துகிறது. நான் பனியன் கம்பெனியில் இருபது வருடம் செக்கிங் பார்க்கிறவன். துணியில் ஓட்டை கண்ணில் பட்டால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுத்தான் மறு வேலை. பிளஸ் டூ படிக்கும் பிள்ளையையும் அப்படியே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சாயங்காலமானால் இசக்கிமுத்து என்கிற திருநெல்வேலிப் பையனோடு, சாக்கில் சுற்றிய நீளமான எதையோ தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். கேட்டால், "சும்மாதானுங்கப்பா" என்கிறான். பயத்தில் பக்கத்து வீட்டாரை சைக்கிளைப் பூட்டிவைக்கச் சொன்னேன், மளிகைக்கடைக்காரரைக் கல்லாமேல் ஒரு கண் வைக்கச் சொன்னேன். இப்போது தெருவே அவனைக் கண்டால் கதவைச் சாத்துகிறது, அவனும் என்னோடு பேசுவதில்லை. ஊரே ஒருவனைத் திருடன் என்று பார்த்தால் அவன் திருடனாகவே ஆகிவிடுவானாம், கடைசிப் பாடத்தில் போட்டிருக்கிறது. அதை முதல் பாடமாகப் போட்டிருக்கக் கூடாதா? என் பிள்ளையை நானே கெடுத்துவிட்டேனோ? இன்றைக்கு அவன் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடப் போகிறேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி. உன் அண்ணி ராமாத்தாள் உன்னை விசாரித்தாள். எங்களுக்காக ஒரு சூடம் ஏற்று.

அண்ணன்
நஞ்சப்பன்

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் போலீஸ் ஸ்டேஷன் போய்வர வேண்டியதாகிவிட்டது. நெருப்பெரிச்சல் ஊரில் மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனிக்குள் பையன்கள் இருவரும் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வாசல் வழியாகப் போனார்கள். நான் சுவர் ஏறினேன். இந்திக்கார வாட்ச்மேன் "சோர், சோர்" என்று காலைப் பிடித்து இழுத்துப் போலீஸில் ஒப்படைத்துவிட்டார்; சோர் என்றால் திருடனாம். சாக்கில் இருந்தது சிலம்பக் கம்பு. உள்ளே இசக்கிமுத்து இவனுக்குக் கற்றுக்கொடுக்கிறானாம். இன்ஸ்பெக்டர் பிரபாகரிடம், "உங்கப்பா ஆள் எப்படி?" என்று கேட்டார். "நல்லவருங்க" என்றான். அவனைப் பற்றி நான் ஒருவரிடமும் சொல்லாத வார்த்தை, அம்மிணி. வெளியே வந்து, "ஏங் கண்ணு, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். "நீங்க பயந்துக்குவீங்கன்னுதானுங்க சொல்லல." நாளைக்கு வீடு வீடாகப் போய் நான் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்க வேண்டும். ஆனால் நான் பிடிபட்ட சேதி எனக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. இனி என்னைக் கண்டால் யாராவது கதவைத் திறப்பார்களா என்றுதான் பயமாக இருக்கிறது.