தேங்காய்த் தண்ணீர் குடித்த லேப்டாப்

நான் செய்த பெரிய முட்டாள்தனங்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. செய்துகொண்டிருக்கும்போது, 'அடடா, நம்மளைப் போல மூளைக்காரன் இந்தப் பினாங்குத் தீவிலேயே கிடையாது' என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டிருப்பேன். (உண்மையில் கை எட்டாது. வயிறு விடாது. மனசால் தட்டிக்கொள்வேன்.) பயந்து பயந்து நான் செய்த காரியம் எதுவும் இதுவரை பெரிதாகக் கெட்டுப்போனதில்லை. பெருமையோடு செய்தது ஒன்றுகூட உருப்பட்டதில்லை.

என் மனைவி மல்லிகாவின் லேப்டாப்பை விற்ற அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள், ரதம் போகும் பாதையில் நானும் சில நண்பர்களும் வருஷா வருஷம் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். அதில் என் பதவி, ஒலிபரப்புப் பொறுப்பாளர். அதாவது, பாட்டு போடுகிற ஆள். அந்த வருஷம் பந்தலின் பழைய கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கவே மறுத்துவிட்டது. விடிகாலையில், பாயான் பாருவிலுள்ள தன் தொழிற்சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மல்லிகாவிடம் போய் நின்றேன்.

"மல்லி, ஒன் லேப்டாப்ப இன்னிக்கு ஒரு நாளைக்குக் குடேன். பந்தல்ல பாட்டு போடணும்."

"பத்திரமா வச்சுக்குவீங்களா? அதுல என் வேலை இருக்குங்க."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

விடுமுறைக்கு வந்திருந்த மகள் யாழினி, கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "சின்னப் புள்ளைன்னா அம்மா யோசிக்காம குடுத்திருப்பாங்கப்பா."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பினாங்கில் ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைப்பது ஒன்று, இரண்டு என்ற கணக்கில் இல்லை. குவியல் குவியலாக. தமிழர் உடைப்பார்கள், சீனர் உடைப்பார்கள், பார்க்க வந்தவரும் ஆசைப்பட்டு ஒன்றை வாங்கி உடைப்பார். சாலையில் தேங்காய்த் தண்ணீர் கணுக்காலை நனைக்கும். இதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தும் லேப்டாப்பைப் பந்தலின் முன்பக்கம், தேங்காய்க் குவியலுக்கு ஐந்தடி தூரத்தில், ஒரு மேசைமேல் வைத்தேன். பின்னால் வைத்திருந்தால் பாட்டு போடுகிறவன் நான்தான் என்று ஊருக்கு எப்படித் தெரியும்?

ரதம் நெருங்கியது. நண்பர்கள் உடைக்க ஆரம்பித்தார்கள். ஒலிபரப்புப் பொறுப்பாளரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் வீசிய முதல் காய் உடையவில்லை. தார் ரோட்டில் பட்டு, பந்து மாதிரி எழும்பி உருண்டு போனது. எதிர்ப்பக்கம் நின்ற சீனப் பெரியவர் அதைக் காலால் நிறுத்தி, "பொஸ், குவாட் சிக்கிட் லா!" என்றார். (கொஞ்சம் பலமாகப் போடச் சொல்கிறார்.) ரோஷம் வந்துவிட்டது. இரண்டாவது காயை என் வம்சத்தின் மொத்த பலத்தையும் சேர்த்து வீசினேன். அது நடைபாதை விளிம்பில் குறுக்காகப் பட்டது. ஒரு பாதி முறைப்படி சாலையில் சிதறியது. மற்றப் பாதி தண்ணீரோடு மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, விசைப்பலகைமேல் கவிழ்ந்து உட்கார்ந்தது.

பாட்டு "வே... வே... வே..." என்று ஒரே எழுத்தில் சிக்கிக்கொண்டது. உடனே பாய்ந்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் மோர் வாங்க வரிசையில் நின்ற ஒருவருக்கு அந்த 'வே வே'யிலேயே அருள் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஆட ஆரம்பித்தார். கூட்டம் கைகூப்பியது. அந்த நேரத்தில் பாட்டை நிறுத்துகிற தைரியம் உங்களுக்கு இருக்கிறதா? எனக்கு இல்லை. அவர் ஆடி முடிக்கும்வரை நானும் கைகூப்பி நின்றேன். தண்ணீர் நிதானமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் மலையேறவும் லேப்டாப் அணையவும் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்த வைத்தியத்தை எந்த எதிரிக்கும் செய்யக்கூடாது. துண்டால் துடைத்தேன். தலைகீழாகப் பிடித்து உதறினேன். பவர் பொத்தானைப் பதினோரு தடவை அழுத்தினேன். (ஒரு தடவைகூட அழுத்தக்கூடாதாம். பிறகுதான் சொன்னார்கள்.) ஒரு நண்பர் அரிசியில் புதைத்து வைக்கச் சொன்னார். ராத்திரி சோற்றுக்கு மல்லிகா அரிசி அளக்கும்போது டின்னிலிருந்து லேப்டாப் வந்தால் என்ன பதில் சொல்வது?

அதனால், "பந்தல் சாமான்லாம் இன்னும் பிரிக்கலம்மா, ரெண்டு நாள் ஆகும்" என்று பொய் சொல்லி, அதை ஒரு துணிப்பையில் போட்டுக் காடியின் (கார்தான்) பின்பெட்டியில் ஒளித்தேன். பூசம் முடிந்த மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். எங்கள் வீடு ஆயர் ஈத்தாமில். சுற்றுவட்டாரத்திலேயே ரிப்பேர் கடைகள் இருக்கின்றன. பாயான் பாருவில் இன்னும் அதிகம். ஆனால் அங்கே கடைக்குப் பத்துப் பேர் வீதம் மல்லிகாவின் தோழிகள் நடமாடுவார்கள். எனவே கொலை செய்தவன் பிணத்தைக் கொண்டுபோகிற மாதிரி கடல் பாலத்தைத் தாண்டி, அக்கரையிலுள்ள செபராங் ஜெயா போனேன்.

கடைக்காரர் ஹமீது, என்னைவிடப் பத்து வயது இளையவர். லேப்டாப்பின் அடிப்பலகையைக் கழற்றியதும் மூக்கைச் சுளித்தார்.

"என்னாண்ணே இது, புளிச்ச வாடை வருது?"

"தேங்காத் தண்ணி."

"தைப்பூசமா?"

"ஆமா தம்பி."

"போன வருஷமும் ஒண்ணு வந்துச்சு. அது பால்."

வெறும் தண்ணீர் என்றால் பிழைத்திருக்குமாம். இதில் உப்பும் சர்க்கரையும் இருப்பதால், போர்டில் அங்கங்கே பச்சை பூத்துவிட்டது. பூதக்கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். பாசி பிடித்த கிணற்றை எட்டிப் பார்த்தது போலிருந்தது.

"ரிப்பேர் பண்ணலாம்ணே. போர்டக் கழுவணும், கீபோர்ட மாத்தணும். எண்ணூறு வெள்ளி ஆகும். ஆனா மூணு மாசத்துல மறுபடி படுத்துக்கிட்டா என்னைத் திட்டக்கூடாது. இல்லன்னா இப்படியே எனக்கு வித்துடுங்க. திரை நல்லா இருக்கு, இருநூத்தம்பது தர்றேன்."

ரிப்பேரா, விற்பனையா? ஒரு மணி நேரம் பக்கத்து ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டே யோசித்தேன். ரிப்பேர் செய்தால் ஒரு வாரம் ஆகும். அதுவரை எத்தனை பொய் சொல்வது? பிழைத்து வந்தாலும் புளித்த வாடை காட்டிக்கொடுக்கும். மூன்றாவது தேநீரில்தான் அந்த யோசனை உதித்தது. அடுத்த மாதம் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். பழையதை விற்றுவிட்டு, புதிதாக ஒன்று வாங்கி, ரிப்பன் கட்டிப் பரிசாகக் கொடுத்துவிட்டால்? குற்றவாளியாகப் போகவேண்டியவன் கதாநாயகனாகப் போகலாமே! (மனசு முதுகைத் தட்டோ தட்டென்று தட்டியது.)

"வித்துடுறேன் தம்பி."

"சரிண்ணே. டிஸ்க் நல்லா இருக்கு, தண்ணி படல. கழட்டித் தர்றேன், கொண்டு போங்க."

"அது எனக்கெதுக்கு?"

"உள்ள முக்கியமா ஏதாச்சும் இருக்குமே?"

இங்கேதான் என் வாழ்க்கையின் மிக மோசமான பதிலைச் சொன்னேன்.

"ஒண்ணும் இருக்காது தம்பி. வீட்டுக்காரம்மா சீரியல் பாப்பாங்க, அவ்வளவுதான்."

உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். சாப்பாடு முடிந்ததும் மல்லிகா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே ஒரு பெண் அழுவாள். ஒரு கிழவர் இருமுவார். மாமியாரும் மருமகளும் வாய்ச்சண்டை போடுவார்கள். வெளியே நான் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருப்பேன். 'அதுல என் வேலை இருக்கு' என்று அவள் சொன்னது ஞாபகம் வரத்தான் செய்தது. தொழிற்சாலை வேலை தொழிற்சாலையில்தானே இருக்கும் என்று அதை ஓரங்கட்டினேன். டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோனால் அவள் கண்ணில் படும். கடையில் விட்டால் மோசடிக்காரன் எவனாவது பேங்க் கணக்கைத் துடைத்துவிடுவான்.

"என் கண்ணு முன்னாடியே எல்லாத்தையும் அழிச்சிடு தம்பி."

"அழிச்சா திரும்ப வராதுண்ணே. அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்."

"அக்கா வேலையில இருப்பாங்க லா."

"அப்ப சாயங்காலம் கேட்டுட்டு நாளைக்கு வாங்களேன்."

"அழி தம்பி!"

டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி அழித்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து நூறு விழுக்காட்டைத் தொட்டது. கைகட்டி நின்று, ஆபரேஷன் பார்க்கிற பெரிய டாக்டர் மாதிரித் தலையாட்டினேன்.

கல்யாண நாள் வரை பொறுக்காமல், அன்று சாயங்காலமே புதிய லேப்டாப்பில் சிவப்பு ரிப்பன் கட்டி மல்லிகாவிடம் நீட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. அரை நிமிஷம் நான் கதாநாயகனாக இருந்தேன்.

"எதுக்குங்க இவ்வளவு செலவு! சரி, பழசு எங்க? அதுல இருக்கறத இதுல மாத்தணும்."

"பழசா? வித்துட்டேன்."

"அதுல இருந்தது?"

"கவலைப்படாத. யாரும் எடுக்க முடியாத மாதிரி சுத்தமா அழிச்சாச்சு" என்றேன், பெருமையாக.

மல்லிகா நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பழக்கமான பாதை, சமாளித்திருப்பேன். ரிப்பனை மெதுவாகச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். யாழினிதான் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா வானொலி நாடகம் எழுதுறாங்கப்பா. நாலு வருஷமா. ஏழு நாடகம். இந்த மாசக் கடைசியில போட்டிக்கு அனுப்பணும்."

"அப்போ அந்த அழுகைச் சத்தம்?"

"அம்மா."

"அந்த இருமல் கிழவரு?"

"அம்மாதான். எழுதிட்டுப் பேசிப் பாப்பாங்க."

"நாய் ஒண்ணு குரைக்குமே?"

"அது பக்கத்து வீட்டு நாய்ப்பா."

இருபத்தைந்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரல் என் மனைவியின் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை அந்தக் கதவைத் தட்டி, "சீரியல் சத்தத்தக் கொறம்மா, பந்து கேக்கல" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவளும் குறைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஹமீதிடம் ஓடினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். 'அத்தனை தடவை சொன்னேனேண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நல்ல மனசை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, தேங்காயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் மல்லிகாவிடம் ஒப்புக்கொண்டேன்.

"டிசம்பர்ல ஒரு பென்டிரைவ் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன்" என்றாள். ஆமாம், சொன்னாள். இரண்டு மாதமாக நான் மறந்துகொண்டிருந்தேன். பிறகு, "நானும் என்ன எழுதுறேன்னு ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் திட்டியதையெல்லாம் மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை.

அந்த வருஷப் போட்டி போனது போனதுதான். ஆனால் மல்லிகா மறுபடி எழுத உட்கார்ந்தாள், இந்தமுறை கதவைச் சாத்தாமல். ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக மீட்டாள். அடுத்த போட்டிக்கு ஒரு நாடகத்தை வீட்டிலேயே பதிவு செய்தோம். பாவத்துக்குப் பரிகாரமாக எனக்கும் ஒரு வேஷம் கேட்டேன். போஸ்ட்மேன் வசனம் கொடுத்தார்கள். மூன்று தடவை பேசிக் காட்டினேன். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கதவு தட்டுகிற சத்தம் எனக்கு ஒதுக்கப்பட்டது. மேசையை இரண்டு தட்டு தட்ட வேண்டும். அவ்வளவுதான். அன்றிலிருந்து சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், "வாங்க கதவு, சாப்பிட்டீங்களா?" என்றுதான் வரவேற்கிறார்கள்.

ஆறு நாடகம் திரும்பி வந்துவிட்டது. ஏழாவது மட்டும் வரவில்லை. போன வாரம் பதிவுக்கு உட்கார்ந்திருந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"அது என்ன கதை மல்லி?"

"ஒரு புருஷன் பொண்டாட்டி கதைங்க. கடைசியில அவன் அவகிட்ட மனசு விட்டு ஒரு பக்கம் பேசுவான். ரொம்ப நல்லா வந்திருந்துச்சு."

"என்ன பேசுவான்?"

யோசித்தாள். "வரலைங்க. மத்ததெல்லாம் எங்கேயோ காதுல விழுந்த பேச்சு, திரும்ப வந்துருச்சு. இது மட்டும் யாரும் பேசி நான் கேட்டதில்ல."

யாழினி மைக்கை எடுத்து என் முன்னால் வைத்தாள். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். நான் தொண்டையைக் கனைத்தேன். பிறகு, மேசையை இரண்டு தட்டு தட்டினேன்.