அமெரிக்காவுக்கு ஒரு முடிச்சு

கம்ப்யூட்டரில் லினக்ஸ் தெரிந்த பையனைக் கல்யாண வீட்டில் சும்மா உட்காரவிடக் கூடாது. சாம்பார் வாளியைக் கையில் கொடுத்துப் பந்திக்கு அனுப்பிவிட வேண்டும். என் அக்கா கல்யாணத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை.

அண்ணனுக்கு அமெரிக்காவில் லீவு கிடைக்கவில்லை. மூத்தவன் பார்க்காமல் மகள் கழுத்தில் தாலி ஏறுவதா என்று அம்மா சாப்பிடாமல் (சரி, சரியாகச் சாப்பிடாமல்) கிடந்தாள். "நான் இன்டர்நெட்ல நேரடியாக் காட்டுறேம்மா" என்றேன். மதுரையில் ஒரு கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்த புதுசு. உலகத்துக் கணினியெல்லாம் என்னைக் கேட்டுத்தான் ஓடுவதாக நினைப்பு.

ஒத்தக்கடை மண்டபத்துக்கு ஒரு சர்வரையே தூக்கிக்கொண்டு போனேன். சாதாரணக் கம்ப்யூட்டர் போதும்தான், எனக்குப் போதாதே. ஒரே லினக்ஸ் பெட்டிக்குள் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது கணினிக்குள் ஓடும் கணினிகளை, உருவாக்கினேன். ஒன்று கேமராவிலிருந்து படத்தை வாங்கும். இன்னொன்று அதை வெளியே அனுப்பும். இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு லூப்பேக் இணைப்பு. லூப்பேக் என்றால் பெட்டி தனக்குத்தானே பேசிக்கொள்கிற வழி. அதிலிருந்து ஒரு சொல் வெளியே போகாது. மேதாவி நான், அமெரிக்காவுக்கான படத்தையும் அந்த வழியிலேயே விட்டிருந்தேன்.

பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்த எனக்குப் படம் பளிச்சென்று தெரிந்தது. போனில் அண்ணன்.

"ஒண்ணும் வரலடா."

"இங்க சூப்பராத் தெரியுதுண்ணே. ஒன் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிப் போடு."

போட்டான். "இப்பவும் வரல."

"அமெரிக்கா நெட்டு அம்புட்டுத்தான் போல."

கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது, அட்சதை விழுந்தது. நான் அண்ணனை வயர் மாற்றச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா தடுக்கி விழப்போக, சர்வரின் நெட் வயர் அவர் காலோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. என் திரையில் படம் நிற்கவே இல்லை.

"வயரே இல்லாம ஓடுது பாரு, நல்ல சாமான்டா" என்று மெச்சினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இம்புட்டு நேரமும் அமெரிக்காவுக்கு ஒரு புள்ளிகூடப் போகவில்லை.

வயரைச் செருகி, வெளியே போகிற முகவரிக்குப் படத்தை மாற்றினேன். "தெரியுதுடா, அக்கா தெரியுறா" என்றான் அண்ணன், குரல் உடைந்து. சந்தோஷம்தான். ஆனால் தாலி ஏறி முடிந்திருந்தது.

விஷயம் தெரிந்ததும் அம்மா நேராக மேடையேறினாள்.

"மறுபடி ஒருக்காக் கட்டச் சொல்லுங்க."

"கட்டுன தாலிய அவுக்கப்படாதும்மா" என்றார் ஐயர்.

"அவுக்க யாரு சொன்னா? மேல இன்னொரு முடிச்சு போடச் சொல்லுங்க."

ஐயர் சாஸ்திரத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தபோதே மாப்பிள்ளை, "போட்டாப் போச்சு அத்தை" என்று எழுந்துவிட்டார். மறுபடி கெட்டிமேளம். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்து இடது கையால் அட்சதை போட்டார்கள். அங்கே அண்ணன் பச்சரிசியைத் தன் கம்ப்யூட்டர் மேலேயே வீசினானாம். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றைக்கு அவள் மூன்று ஜாங்கிரி சாப்பிட்டாள்.

இன்றும் மச்சானோடு சண்டை வந்தால் அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். சாயங்காலமே திரும்பிப் போய்விடுவாள். போகும்போது என்னைப் பார்த்து ஒரே பேச்சுத்தான்.

"ஊருல எல்லாருக்கும் மூணு முடிச்சு. எனக்கு மட்டும் நாலு. எங்கிட்டுப் போயித் தப்பிக்க?"