மெடிக்கல் கிடைத்த பிள்ளை

"சிசிலியா! இஞ்ச ஓடி வாரும்! பிள்ளைக்கு மெடிக்கல் கிடைச்சிட்டுதாம்!"

யோகராஜா ரிசீவரைக் கையில் பிடித்தபடியே கத்தினார். அமெரிக்காவிலிருந்து வந்த லைன் அறுந்து போயிருந்தது. ஒக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட் பகுதியின் பழைய மரவீடுகளுக்குச் சத்தத்தை உள்ளே வைத்திருக்கும் பழக்கம் கிடையாது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

சிசிலியா கத்தரிக்காய் வெட்டிய கையோடு ஓடி வந்தாள்.

"என்னப்பா விசர்க்கதை? அவ பிஸ்னஸ் எல்லோ படிக்கிறா? பாஸ்கெட்போல் விளையாடத்தானே ஸ்கொலர்ஷிப் குடுத்தவங்கள்?"

"எனக்கும் முழுக்க விளங்கேல்லை. ஒரே இரைச்சல். ஆனா 'மெடிக்கல்' எண்டு சொன்னது தெளிவா விளங்கினது. 'இன்னுமொரு வருஷம் கூட, மொத்தம் அஞ்சு வருஷம்' எண்டா. கடைசியா 'ரெட் ஷேர்ட்' எண்டா."

"அது என்ன ரெட் ஷேர்ட்?"

"டொக்டர்மாருக்கு வெள்ளைக் கோட்டெல்லோ? படிக்கிற பிள்ளைகளுக்குச் சிவப்புச் சட்டை குடுக்கிறாங்களாக்கும்."

"ஓம், இரத்தம் பட்டாலும் தெரியாது," என்று சிசிலியா உடனே ஒத்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "பிள்ளையின்ர குரல் எப்பிடி இருந்தது?"

"அழுத மாதிரிக் கிடந்தது."

"பாவம், சந்தோஷத்தில அழுதிருப்பா," என்று சொல்லிவிட்டுச் சிசிலியாவும் அழுதாள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கைச் செய்ய மூளையே தேவையில்லை. நாலு வருஷம் என்றால் வேறு ஏதோ படிப்பு. அஞ்சு வருஷம் என்றால் மெடிக்கல். பந்து விளையாடப் போன பிள்ளைக்கு மருத்துவபீடத்தில் எப்படி இடம் கொடுப்பார்கள் என்ற சின்னக் கேள்வி யோகராஜாவுக்கும் வராமலில்லை. அமெரிக்கா பெரிய நாடு, அங்கே நடக்கும் என்று அதற்கு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

சிசிலியா இந்த விஷயத்தை மாதா கோயிலில் ஒரேயொருத்திக்குத்தான் சொன்னாள். "வேற ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ," என்றும் சேர்த்துச் சொன்னாள். ஒக்லாந்துத் தமிழர் மத்தியில் ஒரு செய்தியைப் பரப்ப அதைவிட விரைவான வழி அன்றைக்கு இருக்கவில்லை. அடுத்த தமிழ்ப் பூசையின் முடிவில் சுவாமியார், "எங்கள் ஜனுஷா மருத்துவம் படிக்க இறைவன் அருளியிருக்கிறார்," என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். யோகராஜா எழுந்து நின்று கும்பிட்டார். அப்போதாவது உட்கார்ந்திருக்கலாம்.

சிசிலியா அதோடு விடவில்லை. நல்ல சிவப்புத் துணியாகப் பார்த்து வாங்கி, கழுத்துக்குக் கொலர் வைத்து, நெஞ்சில் பேனை செருக ஒரு பொக்கெட்டும் வைத்து, இரண்டு சட்டை தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினாள்.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் ஜனுஷாவிடமிருந்து அழைப்பு வந்தது. இந்தமுறை லைன் பக்கத்து அறையிலிருந்து கதைப்பதுபோலத் தெளிவாக இருந்தது.

"அப்பா, எதுக்கு இந்த ரெட் ஷேர்ட்? எங்கட டீம் கலர் பச்சை."

"கொலிஜ் சட்டை எல்லோ பிள்ளை? நீதானே சொன்னனி, ரெட் ஷேர்ட் எண்டு."

"அது போடுற சட்டை இல்லை அப்பா! அது ஒரு ரூலின்ர பேர். நான் அண்டைக்கு முழுக்கச் சொன்னன்தானே? சீசன் தொடங்கி இரண்டாவது மாட்ச்சில என்ர முழங்கால் போயிட்டுது. இப்ப ஒப்பரேஷனும் முடிஞ்சுது."

யோகராஜா ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"முழங்காலோ? ஒப்பரேஷனோ?"

"ஓம். இந்த வருஷம் இனி விளையாட ஏலாது. ஆனா தொடக்கத்திலயே காயப்பட்டபடியா இந்த வருஷத்தைக் கணக்கில எடுக்க மாட்டினம். பிறகு விளையாட இன்னொரு வருஷம் தருவினம். அதுக்குப் பேர்தான் மெடிக்கல் ரெட்ஷேர்ட்."

"அப்ப மெடிக்கல் எண்டது..."

"காயம் அப்பா. வேறென்ன?"

வேறென்ன என்று யோகராஜா சொல்லவில்லை. "வலிக்குதோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குப் பிள்ளை அழுதது எதற்கு என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"இப்ப பரவாயில்லை. கிறிஸ்மஸ் லீவுக்கு வாறன். ஊன்றுகோலோடதான் வருவன், பயப்படாதேங்கோ."

சிசிலியாவிடம் விஷயத்தைச் சொன்ன கையோடு, ஊருக்கும் உண்மையை உடனே சொல்லிவிடவேண்டும் என்று யோகராஜா அன்றைக்கே முடிவெடுத்தார். எங்கே தொடங்குவது என்பதுதான் சிக்கல். சுவாமியாரிடம் போய், "இறைவன் அருளவில்லை, எனக்குத்தான் காது கேட்கவில்லை," என்று சொல்லவா முடியும்? முதலில் ஒருவரிடம் சொல்லிப் பழகலாம் என்று நினைத்தார். அந்த ஒருவராக அடுத்த நாள் ரயில் மேடையில் அகப்பட்டார் திருநாவுக்கரசு. தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை. இருவரும் ஒரே ரயிலில்தான் நகரத்து ஒஃபிசுகளுக்குப் போவார்கள்.

"சார், உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்," என்று திருநாவுக்கரசுவே முந்திக்கொண்டார். "நம்ம வீட்டுக்காரி மரகதத்துக்கு சுகர் கொஞ்சம் ஏறிடுச்சு. உங்க பாப்பா போன் பண்ணா ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?"

"அதுதான் சொல்ல வந்தனான். அவ சுகர் ஒண்டும் பாக்க மாட்டா. அவவுக்கு இப்ப முழங்கால்தான் பிரச்சினை. ஒப்பரேஷனும் முடிஞ்சுது."

"அடேயப்பா! அதுக்குள்ள ஆபரேஷனே பண்ணிட்டாங்களா?"

"அவ செய்யேல்லை ஐயா, அவவுக்கு..."

ரயில் வந்து நின்றது. திருநாவுக்கரசு கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, அடுத்த பெட்டியில் இருந்த இன்னொரு தமிழரிடம் மகிழ்ச்சியோடு எதையோ சொல்லத் தொடங்கினார். அந்த வார முடிவுக்குள் ஜனுஷா சும்மா டொக்டர் இல்லை, எலும்பு ஸ்பெஷலிஸ்ட் என்றாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். இந்தக் குரங்குக்கு வால் வேறு முளைத்தது.

அந்த வால் பிலோமினாவின் டெலிபோன் வழியாக வந்தது.

பிலோமினாவும் சவரிமுத்தரும் மன்னார்ப் பக்கம். ஒக்லாந்தின் தெற்கே தகனினியில் புது வீடு வாங்கி வந்து கொஞ்சக் காலம்தான். கோயிலில் கண்டு சிரித்ததைத் தவிரப் பழக்கம் இல்லை. சிசிலியா டெலிபோனைக் காதில் வைத்துக் கேட்கக் கேட்க அவளுடைய முகம் விரிந்துகொண்டே போனது. வைத்ததும் கணவனிடம் ஓடி வந்தாள்.

"இஞ்சேருங்கோ, அவையின்ர மகன் டெஸ்மனும் மெடிக்கலாம்!"

"ஆர் சொன்னது?"

"தாய்தான் சொன்னவ. 'எங்கட பெடியனும் மெடிக்கல்தான் அக்கா. உங்கட பிள்ளை வந்தவுடன ஒருக்காப் பாக்கட்டும். பாத்திட்டு ஒரு முடிவைச் சொன்னாக் காணும், அது போதும். கலியாணம் கட்டாத பெடியன், வெளியில தெரிஞ்சா நாலு பேர் நாலு விதமாக் கதைப்பினம்' எண்டு மெல்லமாச் சொன்னவ. எவ்வளவு பண்பான சனம்!"

"உமக்கு என்ன, விசர் பிடிச்சிருக்கோ? எங்கட பிள்ளை டொக்டர் இல்லையெண்டு சொல்லியிருக்கலாமெல்லோ?"

"வாய் வரைக்கும் வந்திட்டுதப்பா," என்றாள் சிசிலியா. "பிறகு பாத்தா, புதன்கிழமை வாங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

யோகராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. சுவாமியாரை ஏமாற்றலாம், திருநாவுக்கரசுவை ஏமாற்றலாம். ஒரு உண்மையான டொக்டர் வந்து உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டால் பிள்ளையின் மானம் என்னாவது? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. இப்படி ஒரு பொய் ஊரெல்லாம் ஓடுகிறது என்று ஜனுஷாவுக்கு இன்னும் தெரியாது. விமானநிலையத்தில் சொல்லலாம் என்று போனார். ஊன்றுகோலோடு சிரித்துக்கொண்டு வந்தவளைக் கட்டிப்பிடித்தபோது சொல்ல மனம் வரவில்லை. கிறிஸ்மஸ் அன்றைக்குச் சொல்லலாம் என்றார். அன்றைக்கும் வரவில்லை. "தெரிஞ்ச ஆக்கள் சும்மா பாக்க வருகினம்," என்று மட்டும் சொல்லி வைத்தார். புதன்கிழமை வந்துவிட்டது.

டெஸ்மன் வாசலில் நின்றதைப் பார்த்துச் சிசிலியா சொக்கிப்போனாள். உலக்கை விழுங்கியவன்போல அப்படி ஒரு நிமிர்ந்த நடை. பெரிய சோபாவைக் காட்டியபோது, "பரவாயில்லை அன்ரி," என்று சாப்பாட்டு மேசையின் மரக்கதிரையைக் கேட்டு வாங்கி, சாயாமல் இருந்தான்.

"டொக்டர் எண்ட பெருமை கொஞ்சமும் இல்லை," என்று சிசிலியா கணவனின் காதில் சொன்னாள்.

சவரிமுத்தர் வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. திறந்ததெல்லாம் பற்றிஸ் தின்பதற்காகத்தான். பிலோமினாதான் கதைத்தாள்.

"பிள்ளைக்குக் காலில என்ன?"

"சின்னதா ஒரு சுளுக்கு," என்று யோகராஜா அவசரமாகச் சொன்னார். ஜனுஷா திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"பாருங்கோவன், எலும்பு பாக்கிற ஆளுக்கே சுளுக்கு," என்று பிலோமினா சிரித்தாள். "பிள்ளை, எலும்புப் படிப்பு இப்ப எந்தளவில நிக்குது?"

"எலும்பா?" என்றாள் ஜனுஷா. அந்த அறையில் இருந்த எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்தாள். "அப்பா, கிச்சினுக்கு ஒருக்கா வாறீங்களா?"

கிச்சினில் யோகராஜா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நம்ப முடியாததாக இருந்தது. மகள் சிரிப்பாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"நான் அழுதுகொண்டு போன் எடுத்தனான் அப்பா. இனி விளையாடுவனோ தெரியாது எண்டு சொன்னனான். உங்களுக்கு அது டொக்டர் எண்டு கேட்டுதா?"

"லைன் சரியில்லை பிள்ளை."

"இரண்டாந்தரம் லைன் நல்லாத்தானே இருந்தது? அதுக்குப் பிறகும் ஏன் சொல்லேல்லை? என்ர முழங்கால் உங்களுக்கு வெட்கமா? நான் நானா இருந்தாக் காணாதா?"

யோகராஜாவுக்கு, அவள் சின்னப்பிள்ளையாய் இருந்தபோது பள்ளிக்கூட ஜிம்மில் முதன்முதலாகப் பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டு, அப்பா பார்த்தாரா என்று திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவர் எழுந்து நின்று கத்திய கத்தலில் ரெஃபரியே விசிலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதன் எங்கே போனான் என்று யோகராஜாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அவர் விறுவிறுவென்று ஹோலுக்குப் போனார். சிசிலியா ஆபத்தை உணர்ந்து, "ரீ ஆறுது, குடியுங்கோ," என்று இடையில் புகுந்து பார்த்தாள். அவர் நிற்கவில்லை.

"எல்லாரும் மன்னிக்கவேணும். எங்கட பிள்ளை டொக்டருக்குப் படிக்கேல்லை. எலும்புக்கும் படிக்கேல்லை. நான் போனில பிழையாக் கேட்டது, அதை நானே ஊருக்குப் பரவ விட்டிட்டன். அவ பாஸ்கெட்போல் விளையாடுறவ. விளையாடேக்க முழங்கால் போயிட்டுது. அங்க ரெட்ஷேர்ட் எண்டு ஒரு சட்டம் இருக்கு. காயப்பட்ட வருஷத்தைக் கணக்கில எடுக்காமல், சுகமாகி வந்து விளையாட இன்னொரு வருஷம் குடுப்பினம். நாங்களெண்டா ஒரு வருஷம் பிந்தினவுடன ஃபெயில் எண்டு சொல்லிப்போடுவம். என்ர பிள்ளை ஃபெயில் இல்லை. அடுத்த வருஷம் திரும்ப இறங்கி விளையாடப்போறா. எனக்கு அது காணும். அதுதான் எனக்குப் பெருமை."

ஜனுஷா கிச்சின் வாசலில் ஊன்றுகோலில் சாய்ந்தபடி நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். யோகராஜாவுக்கு வாரக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. இனி சுவாமியாரிடமும் சொல்லிவிடலாம், திருநாவுக்கரசுவிடமும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

ஆனால் பிலோமினாவின் முகம் விழுந்துவிட்டது. அவள் மகனைப் பார்த்தாள். டெஸ்மன் குனிய முயன்று, முடியாமல், நேராகவே இருந்து தரையைப் பார்த்தான். சிசிலியா கண்ணை மூடிச் செபமாலையைத் தேடினாள்.

"எனக்கு விளங்குது," என்றார் யோகராஜா, தாழ்ந்த குரலில். "டொக்டர் மாப்பிள்ளைக்கு டொக்டர் பொம்பிளை பாக்கிறதுதான் முறை. இந்தச் சம்பந்தம் சரிவராட்டி நாங்கள் குறை நினைக்க மாட்டம்."

சவரிமுத்தர் முதன்முறையாகப் பற்றிஸைக் கீழே வைத்தார்.

"சம்பந்தமோ? தம்பி, இவன் ஸ்டோர் ஒண்டில பெட்டி தூக்கி, நாரி பிடிச்சு, மெடிக்கல் லீவு போட்டிட்டு வீட்டில கிடக்கிறான்; உங்கட பிள்ளைக்கு முதுகைக் காட்டத்தானே நாங்கள் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்!"