நான் தம்புரா போட்ட கச்சேரி

வெளியூருக்குக் குடிபோகிறவர்கள் அந்த ஊர் மொழியில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வார்த்தை 'இல்லை' என்பதுதான். நான் 'ஆமாம்' என்பதைக் கற்றுக்கொண்டேன். மராத்தியில் அது 'ஹோ'. சொல்வதற்கு எளிது, கேட்கிறவர்களுக்கும் சந்தோஷம். புனேவுக்கு வந்த புதிதில் காய்கறிக்காரர், வாட்ச்மேன், லிஃப்டில் கூட வருகிற பெரியவர், யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே "ஹோ, ஹோ" என்று சொல்லிவிடுவேன். இதனால் ஒருமுறை நாலு கட்டு வெந்தயக் கீரை வீட்டுக்கு வந்தது. ஒருமுறை எங்கள் குடியிருப்பின் விழாவில் சாக்கு ஓட்டப் பந்தயத்தில் ஓடினேன். (ஓடினேன் என்பது மிகை. விழுந்தேன்.) இதெல்லாம் பரவாயில்லை. மூன்றாவது தடவை சொன்ன 'ஹோ'வுக்குத்தான் இன்றுவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். நான் ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வீடு ஔந்தில். என் மனைவி சுகந்தி கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவள். இங்கே வந்த பிறகு ஒரு டீச்சரிடம் இந்துஸ்தானி சங்கீதம் படிக்க ஆரம்பித்தாள். தினமும் விடிகாலையில் எழுந்து தம்புராவை எடுத்துவைத்துச் சுருதி சேர்ப்பாள். அதற்கே அரைமணி நேரம் ஆகும். "பாட்டு எப்பத்தான் ஆரம்பிக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன். "இதுவும் பாட்டுதாங்க" என்றாள். நான் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன். சங்கீதத்துக்கும் எனக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

அவள் உயிராக நினைத்த பாடகி ஒருவர் இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் பெயர் இருக்கிற பக்கத்தில் நானும் இருப்பது அவருக்கு மரியாதை இல்லை. இங்கே எல்லோரும் அவரைத் 'தாயி' என்றுதான் சொல்வார்கள். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். பெரிய அரங்குகளில் பாடுவதை அவர் நிறுத்திச் சில வருஷம் ஆகியிருந்தது. ஔந்திலேயே இரண்டு சிக்னல் தள்ளிக் குடியிருக்கும் குல்கர்ணி காக்கு (காக்கு என்றால் சித்தி, ஊருக்கே அவர் சித்தி) தன் வீட்டு மாடிக் கூடத்தில் அவ்வப்போது கச்சேரி வைப்பார். ஐம்பது அறுபது பேர் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். மைக் கிடையாது. அங்கே தாயி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பாட ஒப்புக்கொண்டார்.

சுகந்தி ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. "விடியக்கால ராகம் பாடுவாங்களாம்ங்க. மைக் இல்லாம! முன்னாடி போய் உக்காந்துக்கணும்" என்று நாளுக்கு நாலு தடவை சொன்னாள். எங்கள் மகள் இனியா, அப்போது அவளுக்குப் பத்து வயது, தன் அரைத் தமிழில், "அம்மாக்கு தாயி பார்த்தா அழுகை வரும், பாரு" என்று பந்தயம் கட்டினாள்.

அன்றைக்கு லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அதனால் மூன்று பேரும் காரில் போனோம். சுகந்திதான் ஓட்டினாள். தெரு முழுக்க வண்டிகள். "நீங்க மேல போய் முன்னால இடம் புடிங்க. நான் வண்டிய நிறுத்திட்டு இனியாவக் கூட்டிட்டு வர்றேன்" என்று வாசலில் என்னை இறக்கிவிட்டாள். நான் கையில் ஒரு துண்டோடு மாடி ஏறினேன். முதல் வரிசையில் துண்டை விரித்து இடம் பிடித்துவிட்டு, சாதித்த பெருமையில் நிமிர்ந்தேன்.

அப்போதுதான் காக்கு ஓடிவந்தார். முகமெல்லாம் பதற்றம். தாயியோடு வந்த இரண்டு சிஷ்யைகளில் ஒருத்திக்கு வழியில் வாந்தி, மயக்கம். கீழே படுக்க வைத்திருக்கிறார்கள். தாயிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு தம்புரா ஒலிக்க வேண்டும். சுருதிப் பெட்டியைப் போட்டால் பாட மாட்டார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது என் காதில் விழுந்தது வேகமான மராத்தி, கடைசியில் ஒரு கேள்வி: "தும்ஹாலா தானபுரா வாஜவதா யேதோ நா?"

'தானபுரா' புரிந்தது. 'யேதோ' என்றால் 'வருகிறது' என்றும் எனக்குத் தெரியும். தம்புரா வருகிறதா என்று கேட்கிறார் போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். மேடையில் இரண்டு தம்புரா இருந்தது. வந்துவிட்டதே!

"ஹோ, ஹோ" என்றேன்.

'உங்களுக்குத் தம்புரா வாசிக்க வருமா?' என்பது அந்தக் கேள்வி. எங்கள் வீட்டில் யாரோ பாட்டுக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது காக்குவுக்குத் தெரியும். ரிப்பேருக்குப் போன தம்புராவைத் தோளில் சுமந்துகொண்டு நான் தெருவில் நடந்ததையும் பார்த்திருக்கிறார். அவர் என் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போய், தாயிக்குப் பின்னால் இடப்பக்கம் உட்காரவைத்து, தம்புராவை என் மடியில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

தாயி திரும்பிப் பார்த்தார். வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி. இந்தியில் மெதுவாகக் கேட்டார். "கற்றுக்கொண்டிருக்கிறாயா, பேட்டா?"

இந்தி எனக்கு நன்றாகப் புரியும். தப்பிக்க அருமையான வாய்ப்பு அது. 'இல்லையம்மா, என் மனைவிக்குத்தான் தெரியும், வண்டி நிறுத்தப் போயிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள்.' இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து எதிரே ஒருவர் கேமராவைத் தூக்கினார். முன்வரிசைக்காரர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். இந்தப் படம் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போனால் எப்படி இருக்கும் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"தோடா தோடா" என்றேன். கொஞ்சம் கொஞ்சம் தெரியும்.

முதலில் சொன்னது அறியாமை. இதைப் பொய் என்றுதான் சொல்ல வேண்டும். நாலு தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டினால் போதும், அதைத்தானே சுகந்தி வருஷக்கணக்காகச் செய்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுகந்தி இனியாவோடு உள்ளே வந்தாள். காலியாகக் கிடந்த துண்டைப் பார்த்தாள். அப்புறம் என்னைத் தேடினாள். கடைசியில் மேடையைப் பார்த்தாள். கையிலிருந்த கார் சாவி கீழே விழுந்தது. 'என்னங்க இது?' என்று கைவிரல்களை விரித்துக் கேட்டாள். நான் புன்னகை செய்தேன். அவள் காக்குவிடம் ஏதோ சொல்லப் போனாள். அதற்குள் தாயி கண்ணை மூடிவிட்டார். கூடம் அடங்கியது. அவள் கையை இறக்கிக்கொண்டு துண்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

தாயி பாட ஆரம்பித்தார்.

என்னைப் போன்ற ஒருவனுக்கே அது என்னவோ செய்தது. முதல் ஸ்வரம் அவர் தொண்டையிலிருந்து வந்த மாதிரியே இல்லை. கூடத்தில் ஏற்கனவே இருந்ததை அவர் தொட்டுக்காட்டின மாதிரி இருந்தது. முதல் இருபது நிமிடம் நான் என்னை மறந்தேன். அதுவரை பெரிய விபத்து எதுவும் இல்லை.

பிறகு தபலா வேகம் பிடித்தது. தம்புரா தாளத்துக்குக் கட்டுப்படக் கூடாது. அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாது. நான் தபலாவோடு சேர்ந்து தந்தியைச் சுண்டினேன். தலையையும் ஆட்டினேன். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த சிஷ்யை கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகச் சுண்டினேன். தாயியின் தோள் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. ஆனாலும் பாடிக்கொண்டே போனார்.

நாற்பதாவது நிமிடத்தில் என் வலதுகால் இல்லாமல் போனது. மடக்கி உட்கார்ந்து மரத்துப்போயிருந்தது. கொஞ்சம் நகர்ந்து உட்காரலாம் என்று பிடிமானத்துக்குக் கையை உயர்த்தி, கிடைத்ததைப் பற்றி இழுத்தேன். கிடைத்தது தம்புராவின் பிருடை. தந்தியை முறுக்கி வைக்கிற கட்டை. அது திரும்பிக்கொண்டது.

"ங்ஙொய்ய்ய்" என்று ஒரு சத்தம். கன்றுக்குட்டி படியில் உருண்ட மாதிரி.

பாட்டு நின்றது. தபலா நின்றது. அறுபது பேர் என்னைப் பார்த்தார்கள். அத்தோடு நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். கெடுத்ததைச் சரிசெய்வது என் பொறுப்பு என்று தோன்றியது. (தொழில் புத்தி. ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருளில் கைவைத்தே பழகிவிட்டது.) பிருடையை எதிர்ப்பக்கமாக முறுக்கினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

டப்பென்று தந்தி அறுந்தது.

தாயி கண்ணைத் திறக்கவில்லை. சுகந்தி எழுந்து மேடைக்கு வந்தாள். சிஷ்யையிடம் மாற்றுத் தந்தி வாங்கி, என் மடியிலிருந்த தம்புராவை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். என் பக்கம் குனிந்து, "எந்திரிச்சுப் போங்க, நான் உக்காந்துக்கறேன்" என்று கிசுகிசுத்தாள்.

"முடியல."

"என்ன முடியல?"

"கால் வரமாட்டேங்குது."

உண்மையிலேயே வரவில்லை. அவள் பத்து நிமிடத்தில் சுருதி சேர்த்துவிட்டாள். அதைத் தாயி கண்ணைத் திறந்து கவனித்தார். நான் இன்னும் அந்த இடத்திலேயே மூட்டை மாதிரி கிடந்தேன். இதற்குள் ஜன்னல் வழியாக வெயில் வந்துவிட்டது. அந்த ராகத்துக்கான வேளை கடந்துவிட்டது என்று அர்த்தம். தாயி அதைப் பார்த்தார். "ரஹ்னே தோ" என்றார். இருக்கட்டும், விடுங்கள். ஒரே தம்புராவோடு சின்னதாக ஒரு பஜனைப் பாட்டுப் பாடிவிட்டுக் கைகூப்பினார். விடியற்கால ராகம் பாதியில் நின்றது நின்றதுதான்.

எல்லோரும் கலைந்தபோது தாயி சுகந்தியை அருகில் கூப்பிட்டார். "இவ்வளவு நன்றாகச் சுருதி சேர்க்கிறாயே, நீ ஏன் முதலிலேயே வந்து உட்காரவில்லை?"

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு. சுகந்தி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் வரத் தாமதமாகிவிட்டது தாயி. வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை" என்று இந்தியில் சொன்னாள்.

தாயி அவள் கன்னத்தைத் தட்டினார். "அடுத்த தடவை புனே வரும்போது நீதான் என் பின்னால் உட்கார வேண்டும்."

வீட்டுக்கு வருகிற வழியில் கார் சிக்னலில் நிற்கும்போது சுகந்தி கேட்டாள். "என் பொண்டாட்டிக்குத் தெரியும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லங்க?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? தந்தி அந்து போனதுக்கு அப்புறமா?"

பின்சீட்டிலிருந்து இனியா சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த அடுத்த தடவை வரவேயில்லை. மறுவருஷமே தாயி உடம்பு முடியாமல் பாடுவதை அடியோடு நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று சுகந்தி சாயங்காலம் வரைக்கும் தம்புராவின் உறையைக் கழற்றவில்லை.

அந்த மாதக் கடைசியில் காக்கு எல்லோரையும் கூப்பிட்டார். கச்சேரி இல்லை. தாங்கள் கேட்டதிலேயே சிறந்த கச்சேரி எது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒருவர் மழையில் குடைபிடித்துக்கொண்டு கேட்ட சிதாரைச் சொன்னார். ஒரு அம்மாள், பிரசவத்துக்கு முந்தின வாரம் போன கச்சேரியில் வயிற்றுக்குள் குழந்தை தாளத்துக்கு உதைத்ததைச் சொன்னார். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், பார்வை கொஞ்சம் மங்கலானவர், என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "இதே கூடத்தில் தாயி பாடிய அந்தக் காலை. முதல் நாற்பது நிமிடம். அதற்குமேல் ஒன்றை நான் கேட்டதில்லை" என்றவர், என் தொடையில் தட்டி, "அப்புறம் எவனோ ஒருத்தன் தந்தியை அறுத்துத் தொலைத்தானே, நீங்கள் அன்றைக்கு வந்திருந்தீர்களா?" என்று கேட்டார்.

"ஹோ" என்றேன். அன்றைக்கு அது சரியான பதில்தான்.

சுகந்தியின் முறை வந்தபோது அவள், "எனக்கும் அதேதான்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும், இவ்வளவு நாள் கேட்காததைக் கேட்டாள். "அவங்களுக்கு அத்தன பக்கத்துல உக்காந்து கேட்டீங்களே, எப்படிங்க இருந்துச்சு?"

என்னிடம் சங்கீத வார்த்தைகள் இல்லை. யோசித்துப் பார்த்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "ஒவ்வொரு தடவ பாடறதுக்கு முன்னாடியும் மெதுவா மூச்சு இழுப்பாங்க. தண்ணிக்குள்ள இறங்கறதுக்கு முன்னால இழுக்கற மாதிரி. அந்த மூச்சுலயே அடுத்து வர்ற ஸ்வரம் கேக்கற மாதிரி இருக்கும். முதுகு லேசா விரியும். அதப் பாத்துட்டே இருந்தேன்."

அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்புறம்?"

"அப்புறம் கால் மரத்துப் போச்சு."

இனியா சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். மறுநாளே அது கோயம்புத்தூருக்குப் போன் வழியாகப் போய்விட்டது. இப்போது எங்கள் சொந்தத்தில் நன்றாக ஆரம்பித்துப் பாதியில் கெட்டுப்போகிற எதற்கும் அதுதான் பெயர். மச்சான் ஒரு சினிமாவைப் பற்றி, "இடைவேள வரைக்கும் அருமைங்க மாப்ள, அப்புறம் கால் மரத்துப் போச்சு" என்கிறான். கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனாலும் அதைத்தான் சொல்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன், வேறென்ன செய்வது?

சுகந்தியும் சிரிப்பாள். பிறகு எல்லோரும் போனதும், பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் சொல்வாள். "அவங்க மூச்சு இழுப்பாங்கன்னு சொன்னீங்களே, அத இன்னொருக்கா சொல்லுங்க."