நெருப்பு சுடாத கால்கள்

நெருப்புக்குப் பயப்படாத மனிதனைக் கண்டால் உடனே விழுந்து கும்பிடாதீர்கள். முதலில் அவனை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். சும்மா சொல்லவில்லை. கிள்ளானில் ஒரு சாயங்காலம் ஒரு கூட்டமே என்னைக் கும்பிட்டது.

படிவம் மூன்றோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போயிற்று. அப்புறம் செமினியில் கையுறைத் தொழிற்சாலை, செராஸில் கார் கழுவல், ஸ்ரீ கெம்பாங்கானில் நாற்காலி மேசை ஏற்றி இறக்கல். ஓரிடத்தில் தங்கமாட்டேன். வீடு இல்லை, சான்றிதழ் இல்லை. இருந்ததெல்லாம் இரண்டு கால்கள்தான். வேலையே இல்லாமல் ரொட்டியும் தே-ஓ என்கிற வெறுந்தேநீருமாக ஓடிய ஒரு காலத்தில், அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்: நிரந்தரமாக ஒரு வேலை கொடு, கறி, மீன், முட்டை எதையும் ஆயுசுக்கும் தொடமாட்டேன். (பால் என் வயிற்றுக்கு எப்போதுமே ஆகாது. அதையும் விட்டுவிடுவதாகச் சேர்த்துச் சொன்னேன். வலிக்காத தியாகம்.)

அம்மன் கொடுத்தாள். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு வாழை இலையும் பூவும் கொண்டுபோகும் வேனை ஓட்டும் வேலை. கல்யாணமும் ஆயிற்று. நானும் சொன்ன சொல் தவறவில்லை. வருஷக்கணக்கில் சோறு, ரசம், கீரை, பால் கலக்காத தே-ஓ.

ஒரு நாள் காலை பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் இலைக்கட்டை இறக்கிவைத்தேன். கடைக்கார அக்கா என் காலையே பார்த்தார்.

"தம்பி, இன்னொரு சிலிப்பர் எங்க?"

குனிந்தேன். இடது கால் வெறுங்கால். சிலிப்பர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அது கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலோடு ரோட்டைக் கடந்ததும் தெரியவில்லை. அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். முதுகில் வேர்த்தது.

அதே வாரம் சிக்னலில் பிரேக்கை மிதித்தேன். வேன் நிற்கவில்லை. குனிந்து பார்த்தால் என் கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. காலைத் தேடி நகர்த்தி மிதித்தேன். முன்னால் நின்ற டாக்சிக்கும் எனக்கும் நடுவே ஒரு வாழை இலை நுழையும் இடம் மிஞ்சியது.

அன்று முதல் காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன். எங்கள் பாசாரில், அதாவது சந்தையில், மூட்டை தூக்கிய ஓர் அண்ணனுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. அவருக்கும் இப்படி மரத்துப்போய்த்தான் ஆரம்பித்தது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால் வரை. அந்த மடித்துக் குத்திய கால்சட்டை என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. அதனால் நான் டாக்டரிடம் போகவில்லை. (போனால்தானே வெட்டுவார்கள். என் மூளை அப்போது அப்படித்தான் வேலை செய்தது. காலைப் போலவே அந்த மூளைக்கும் ஒரு சத்துக் குறைச்சல் என்பது பிற்பாடு தெரிந்தது.)

டாக்டருக்குப் பதில் அம்மனிடமே போனேன். காலைக் குணமாக்கு, தீ மிதிக்கிறேன். கேட்கும்போதே, இன்னும் கடுமையாக விரதம் இருப்பதாகவும் சொல்லிவிட்டேன். ஒரே வேளை சாப்பாடு. எதற்கு இந்த வேண்டுதல் என்று என் மனைவி சுமதி கேட்டாள். குடும்ப நன்மைக்கு என்றேன். அவள் தம்பி குமார் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"மச்சான், வீட்டுப் படியிலயே தடுக்கி விழறீங்க. உங்களுக்கு நெருப்பு எதுக்கு லா?"

விரதத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டால் உடம்பு தானாக ஆடியது. திறந்தால் நின்றது. பூசாரி நெற்றியில் திருநீற்றைப் பூசி, "உனக்கு அருள் கூடி வருதுப்பா" என்றார். நான் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

தீமிதி நாள். மஞ்சள் வேட்டி, கையில் வேப்பிலை, முன்னால் செக்கச்செவேல் என்று குழி. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சுட்டால் என்ன செய்வது என்று பயந்தார்கள். சுடாவிட்டால் என்ன செய்வது என்று பயந்தவன் நான் ஒருவன்தான்.

இறங்கினேன். சுடவில்லை.

அந்த நிமிஷம் இப்போதும் நினைவிருக்கிறது. கால் போய்விட்டது, இனி வெட்ட வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். எல்லோரும் ஓட்டமாக ஓடிக் கடக்கிற குழியில் நான் குனிந்து, வலது கால் எங்கே, இடது கால் எங்கே என்று தேடித் தேடி வைத்து நடந்தேன். வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன், அதுதான் காரணம். பார்த்தவர்களுக்கு நான் பூங்காவில் உலாத்துவது போல இருந்திருக்கிறது. உறுமி உச்சத்துக்குப் போனது. "ஓம் சக்தி" என்று கூட்டம் கத்தியது.

நெருப்பின் முடிவில் கால் நனைக்க வைத்திருந்த பால்குழியைத் தாண்டி, உயிரோடு வந்ததற்கு நன்றி சொல்லக் கண்ணை மூடினேன். அவ்வளவுதான். ஆடி ஆடிச் சாய்ந்தேன். நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்த ஓர் ஆன்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காலில் விழுந்தார்.

"தாயே, எம்மவளுக்கு எப்ப கல்யாணம் ஆகும்?"

"எனக்குத் தெரியாது ஆன்டி. என்னக் கொஞ்சம் உக்கார வைங்க."

"சோதிக்காத தாயே."

அவர் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தத் தொடுகையும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுமதி என் காலைக் கழுவ உட்கார்ந்தாள். பாதத்தைத் திருப்பியவள் தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டாள். அடிப்பாதம் முழுக்கக் கொப்புளம்.

"வலிக்கலயா?"

"இல்ல."

"எத்தன நாளா?"

அழுதேன். அவள் திட்டவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. குமாரைக் கூப்பிட்டு வேன் சாவியைக் கொடுத்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. கொப்புளத்துக்கு மருந்து வைத்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், விரலில் குத்தி இனிப்பு நீர் இல்லை என்றார். பிறகு நிற்கச் சொன்னார்.

"கால ஒட்டி வெச்சு, கண்ண மூடுங்க அண்ணே."

மூடினேன். ஆட்டம் தொடங்கியது. பழக்க தோஷத்தில் சுமதி சிலிப்பரைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பிவிட்டாள்.

"அக்கா, அது சாமி இல்ல. பிடிங்க, விழுந்திருவாரு."

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது விளக்கினார். கோபாலமின் என்று ஒரு சத்து, பி பன்னிரண்டு என்றும் சொல்வார்களாம். நரம்பு ஒயர் மாதிரி, அதன் மேலே இருக்கிற உறை இந்தச் சத்து இல்லாமல் பழுதாகிவிடும். நல்ல ரத்தம் ஊறவும் அதுதான் வேண்டும். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சேதி போகாததால் கண்ணை வைத்துச் சமாளித்திருக்கிறேன். கண்ணை மூடினால் ஆடாமல் என்ன செய்வேன். கறி, மீன், முட்டை, பாலில் இருக்கும் இந்தச் சத்து கீரையில் இல்லை. ஈரல் பல வருஷத்துக்குச் சேர்த்துவைத்திருக்கும், அது தீர்ந்த பிறகுதான் தெரியும்.

"வெட்டணுமா டாக்டர்?"

"வெட்ட வேண்டாம். ஊசி போடணும்."

"முழுசா சரியாகுமா?"

"சீக்கிரம் வந்திருந்தா தைரியமா சொல்லுவேன். இப்ப பார்ப்போம்."

அந்த 'பார்ப்போம்' என் தூக்கத்தைத் தின்றது. ஆனாலும் வேண்டுதலை மறக்கவில்லை.

"டாக்டர், ஊசி சைவம்தானே?"

"கிருமிய வளத்துச் செய்யறது. ஆடு மாடு இல்ல. சைவமா இருங்க, தப்பில்ல. ஊசிய மட்டும் விடாதீங்க."

மாதக்கணக்கில் குமார்தான் வேன் ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் காலையே முறைத்துக்கொண்டு போனேன். (ஊசி நாளில் அவன் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அக்கா, சாமிக்கு ஊசி போடணும், சீக்கிரம்" என்பான்.) முதலில் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு மிதித்த பாயின் கோரை தெரிந்தது. ஆனால் நம்பப் பயமாக இருந்தது.

அடுத்த வருஷம் அதே தீமிதிக்கு வேடிக்கை பார்க்கப் போனோம். சிலிப்பரை வெளியே விட்டுவிட்டுக் கோயில் வாசல் சிமெண்டில் கால் வைத்தேன். உச்சி வெயிலில் காய்ந்த தரை. இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் துள்ளின.

"சுடுது! சுமதி, சுடுது!"

நிழலுக்குப் போகவில்லை. அங்கேயே குதித்துக்கொண்டிருந்தேன். சுமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குமார் பக்கத்தில் நின்றவரிடம், "போன வருஷம் நெருப்புல உலாத்துன சாமி இதான், இந்த வருஷம் சிமெண்டுல டான்ஸ் ஆடுது" என்றான்.

ஸ்ரீ கெம்பாங்கான் ஆன்டியும் வந்திருந்தார். நான் குதிப்பதைப் பார்த்து முகம் வாடிவிட்டது.

"அருள் போயிருச்சா தம்பி?"

"போயிருச்சு ஆன்டி. ஊசி போட்டு எடுத்துட்டாங்க."

இப்போது வேனை நான்தான் ஓட்டுகிறேன். இடது கால் சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்தே கிடக்கிறது. கோயிலில் நான் கண்ணை மூடினால் சுமதி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். எங்கள் வீட்டில் யாராவது கொதிக்கிற தே-ஓவில் நாக்கைச் சுட்டுக்கொண்டு அலறினால், ஒருவரும் தண்ணீர் கொடுக்க ஓடுவதில்லை. "பரவால்ல, சத்து நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.