கண்ணாடிக் கிண்ணத்தில் ஆறு துறைகள்

சாலட் செய்ய ஒரு கத்தியும் ஒரு பலகையும் இருந்தால் போதும் என்றுதான் நைஜீரியாவின் பெனின் நகரத்து மக்கள் வெகுகாலமாக நம்பி வந்தார்கள். கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் லெட்டூஸையும் முட்டைக்கோஸையும் பொடியாக நறுக்கி அடியில் பரப்புவார்கள். அதன்மேல் கேரட் துருவல், வேகவைத்த உருளைக்கிழங்கு, ஸ்வீட் கார்ன், டப்பாவில் வரும் தக்காளிச் சாற்றுப் பீன்ஸ், மீன், வெள்ளரி என்று அடுக்கி, உச்சியில் முட்டை வில்லைகளை வைத்து, சாப்பிடும் நேரத்தில் சாலட் கிரீமை ஊற்றிக்கொள்வார்கள். இதனால் யாருக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை. இந்த அறியாமையைப் போக்குவதற்காகத்தான் நல்லுணவு அமைச்சகம் ஏற்பட்டது.

அமைச்சர் ஒருமுறை வெளிநாடு போனார். அங்கே பெரிய மனிதர்கள் காசு கொடுத்து இலை தின்பதைக் கண்டு நெஞ்சு நெகிழ்ந்து திரும்பினார். ‘வீட்டுக்கு ஒரு சாலட்’ திட்டம் பிறந்தது. அமைச்சகத்தில் எல்லோரும் வெள்ளரித் துண்டு மிதக்கும் தண்ணீர் பாட்டிலோடு நடமாடத் தொடங்கினார்கள். வெறும் தண்ணீர் குடிப்பவன் நாட்டின் முன்னேற்றத்துக்கு எதிரி என்று கருதப்பட்டான். மாலை ஐந்து மணிக்கு மேல் அதே பாட்டில்களோடு எல்லோரும் கட்டடத்தின் பின்புறம் போய் நெருப்பில் சுட்ட மாட்டிறைச்சி வாங்கித் தின்றார்கள்.

நோசகாரே அந்த அமைச்சகத்தில் இலைத்துறையின் பொறுப்பு இயக்குநர். பதினோரு வருடமாகப் பொறுப்பு. மார்ச்சில் ஓய்வு. அதற்குள் ‘பொறுப்பு’ என்ற சொல் பெயரிலிருந்து உதிர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இல்லை.

“நான் செத்தா சுவத்துல போஸ்டர் ஒட்டுவாங்கல்ல, அதுல என்னன்னு போடுவாங்க?” என்று மனைவி அடேசுவாவிடம் அடிக்கடி கேட்பார்.

“பொறுப்புப் பிணம்னு போடுவாங்க. சாப்பிடுங்க” என்பாள் அவள்.

நவம்பரில் ஒருநாள் அவர் முகம் மலர்ந்து வீட்டுக்கு வந்தார். மாதிரி சாலட்டை உண்மையான ஒரு வீட்டில் செய்து காட்ட வேண்டும் என்று உத்தரவாம். அந்த வீடு இவர்களுடையதாம். அமைச்சகத்தின் தலைமை அதிகாரியான நிரந்தரச் செயலரே நேரில் வருகிறாராம். காரியம் நன்றாக முடிந்தால் கோப்பு நகரும் என்று அவருடைய உதவியாளர் ஜாடையாகச் சொன்னாராம்.

“சாலட்தானே? அரைமணி நேரம். செஞ்சு வெச்சிடறேன்” என்றாள் அடேசுவா.

“அப்படிச் செஞ்சுட முடியாது. முட்டை முட்டைத்துறைக்குச் சொந்தம். மீன் மீன்துறை. உருளைக்கிழங்கு கிழங்குத்துறை. சோளம் தானியத்துறை. பீன்ஸ் பயறுத்துறை. இலை மட்டும்தான் நம்மது. ஆறு துறைத் தலைவரும் வருவாங்க.”

“வந்து?”

“மேற்பார்வை பாப்பாங்க.”

“நறுக்கறது?”

“நீதான்.”

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு துறைகளும் அடேசுவாவின் சமையலறையில் கூடின. கேரட் கிழங்கா, இலைக்குச் சமமான காய்கறியா என்ற கேள்வி முதலில் எழுந்தது. அது துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. முடிவு வரும்வரை இடைக்கால ஏற்பாடாகக் கேரட்டைத் துருவலாம் என்று அனுமதி தரப்பட்டது. குறிப்பெடுக்க வந்திருந்த எழுத்தர் ஃப்ரைடே அதை எழுதிக்கொண்டார்.

அடேசுவா தன் கல்யாணத்துக்கு வந்த பெரிய கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது. கண்ணாடி என்பதால் யார் மேலே, யார் கீழே என்பது ஊருக்கே தெரியும்.

“முட்டை எப்பவும் மேலதான்” என்றார் முட்டைத்துறை இயக்குநர் ஓமொசெடே அம்மையார். விறைப்பான துணியால் பெரிய தலைக்கட்டு கட்டியிருந்தார். அவர் திரும்பும்போதெல்லாம் பக்கத்திலிருந்தவர்கள் குனிய வேண்டியிருந்தது.

“மன்னிக்கணும் மேடம். மீன்துறை உங்க துறைக்கு ரெண்டு வருஷம் மூத்தது” என்றார் மீன்துறை ஓக்பெய்டே.

“மூத்தவங்கன்னா அடியில இருங்க. அஸ்திவாரமா.”

“அஸ்திவாரம் இலைதானே மேடம்?”

எல்லோரும் நோசகாரேயைப் பார்த்தார்கள்.

“இலை அடியிலேயே இருக்கட்டும். எங்களுக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்ல” என்றார் அவர், பொறுப்பில் இருப்பவருக்கே உரிய சுறுசுறுப்போடு.

“நம்ம வீடு, நம்ம கிண்ணம், நாம அடியில” என்றாள் அடேசுவா, பலகையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

ஒரு மணி நேர விவாதத்துக்குப் பின் உச்சி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பாதியில் முட்டை, மறுபாதியில் மீன். நடுவே எல்லைக்கோடாக வெள்ளரி வில்லைகள் நிறுத்தப்பட்டன. வில்லை ஒன்று மீன் பக்கம் சாய்ந்திருப்பதாக ஓமொசெடே அம்மையார் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தார்.

அடேசுவா கிரீம் பாட்டிலைத் திறக்கப் போனாள். ஆறு கைகள் அவளைத் தடுத்தன.

“சாலட் கிரீம் எந்தத் துறையிலும் இல்ல. வெளிநாட்டுச் சரக்கு” என்று நோசகாரே விளக்கினார். “அத ஊத்தற அதிகாரம் நிரந்தரச் செயலருக்கு மட்டும்தான். நிகழ்ச்சி நிரல்ல ஆறாவதா இருக்கு. ஏழாவது சாப்பாடு.”

ஃப்ரைடே பாட்டிலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு நோசகாரே நிரந்தரச் செயலரைப் போனில் அழைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“வந்துக்கிட்டே இருக்கேன். பாலத்துக்கிட்ட” என்றது குரல். பின்னால் தண்ணீர் சளசளவென்று கொட்டிற்று.

“அங்க நல்ல மழை போல இருக்கு ஐயா” என்றார் நோசகாரே மரியாதையாக.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

“மழையா? மனுஷன் குளிச்சிக்கிட்டிருக்காரு” என்றாள் அடேசுவா.

ஆறு துறைகளும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மணிக்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டருக்கு வாங்கிய பெட்ரோல் நிரந்தரச் செயலர் தலைக்கு மேலிருக்கும் மின்விசிறிக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஹாட்பாக்ஸிலிருந்து ஜாலஃப் சோற்றின் வாசம் வந்து எல்லோரையும் வதைத்தது. ஆனால் ஆறுக்கு முன்னால் ஏழு வர முடியாது. தானியத்துறைத் தலைவர் தன் துறையைச் சேர்ந்த நாலு சோள முத்துக்களை யாரும் பார்க்காதபோது எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்கு முட்டையின் ஓரம் காய்ந்து சுருண்டது. கிண்ணத்தின் அடியில் லெட்டூஸ் தண்ணீர் விட்டுக் கறுத்துப் படுத்துவிட்டது. நோசகாரே கண்ணாடிக்கு அருகில் முகத்தை வைத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. பதினோரு வருடம் எல்லோருக்கும் அடியில் கிடந்து, கடைசியில் இந்த இலையைப் போலத்தான் போகப் போகிறோம் என்று தோன்றியது.

அடேசுவாவுக்கே பாவமாகிவிட்டது. பக்கத்தில் வந்து நின்றாள்.

“கவலப்படாதீங்க. வாடினது அடியிலதான இருக்கு, யாரு பாக்கப் போறா?”

“கண்ணாடிக் கிண்ணம்டி.”

“அப்ப ஒரு கரண்டியக் குடுங்க. எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துவிட்டுடறேன். வாடினது தெரியாது.”

ஓமொசெடே அம்மையாரின் தலைக்கட்டு மெல்லத் திரும்பியது.

“கலக்குறதா?” என்றார் அவர். “துறைகளைக் கலக்கறது ஆளுநர் அதிகாரம், அம்மா. சமையக்கட்டுல வெச்சு அப்படியெல்லாம் பேசக்கூடாது.”

நாலரை மணிக்கு நிரந்தரச் செயலர் வந்தார். விறைப்பாகக் கஞ்சி போட்ட அங்கியில் சோப்பு வாசனையோடு இறங்கினார். அடுத்து ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமாம். நோசகாரே வரவேற்புரையை எடுத்து, “வரிசைப்படி விளிக்கும் மரபுகள் யாவும் கடைப்பிடிக்கப்பட்டதாகக் கொண்டு…” என்று தொடங்கினார்.

“பசிக்குதுப்பா” என்றார் நிரந்தரச் செயலர்.

ஃப்ரைடேயின் மடியிலிருந்து பாட்டிலை எடுத்தார். மொத்தத்தையும் கிண்ணத்தில் கவிழ்த்தார். பெரிய கரண்டியைக் கையில் வாங்கி, அடியிலிருந்து மேலாக நாலு சுற்றுச் சுற்றினார். மீன் கீழே போயிற்று. முட்டை நொறுங்கிற்று. வாடிய இலை ஒன்று உச்சியில் வந்து உட்கார்ந்தது.

“நான் இத என்னன்னு எழுதட்டும்?” என்று ஃப்ரைடே நோசகாரேயின் காதில் கேட்டார்.

“நடந்தத எழுது” என்றார் அவர். அவருக்கு அப்போது எதைப் பற்றியும் அக்கறை இல்லை.

ஃப்ரைடே எழுதினார்: ‘நிரந்தரச் செயலர் அவர்கள் தம் பொற்கரங்களாலேயே ஆறு துறைகளையும் ஒன்றாகக் கலந்தருளினார்.’

நிரந்தரச் செயலர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

“எனக்குப் பச்ச இல ஒத்துக்காது. எபா கிடைக்குமா?”

அடேசுவா தனக்கென்று கிளறி வைத்திருந்த மரவள்ளிமாவு எபாவையும் எகுசி விதைக் குழம்பையும் கொடுத்தாள். அவர் சமையலறையில் நின்றபடியே மூன்று உருண்டை விழுங்கினார். நீட்டிய குறிப்பேட்டில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அமைச்சகம் சங்கடத்தில் ஆழ்ந்தது. நிரந்தரச் செயலர் கையெழுத்திட்ட குறிப்பு தவறாக இருக்க முடியாது. ஆகவே உலகம்தான் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆறு துறைகளும் கலைக்கப்பட்டு ‘ஒருங்கிணைந்த கலவைத்துறை’ அமைக்கப்பட்டது. அதற்கு யார் தலைவர் என்ற கேள்விக்கும் குறிப்பிலேயே விடை இருந்தது. யாருடைய கிண்ணத்தில் கலக்கப்பட்டதோ அவர். கலந்தபின் உச்சியில் இருந்தது எது என்றும் ஃப்ரைடே எழுதி வைத்திருந்தார். நோசகாரே இயக்குநர் ஆனார், பொறுப்பு இல்லாமல். மற்ற ஐவரும் அவருக்குக் கீழே துணை இயக்குநர்கள், பொறுப்பு.

அன்றிரவு அவர் உத்தரவைப் படித்துவிட்டு அழுதார். அடேசுவாவும் அழுதாள். பதினோரு வருடமாக அவளும் பொறுப்பு இயக்குநரின் மனைவியாகத்தானே இருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து துணை இயக்குநர்களும் ஃப்ரைடேயும் குடும்பத்தோடு வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். ஹர்மட்டான் புழுதிக் காற்றில் வீட்டு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மேஜை நடுவில் அதே கண்ணாடிக் கிண்ணம். அடேசுவா விடியற்காலையே எழுந்து, லெட்டூஸை உச்சியில் வைத்து அடுக்கியிருந்தாள். முட்டை அடியில் இருந்தது. ஓமொசெடே அம்மையார் அதைப் பார்த்தார், அடுக்கு ரொம்ப அழகாக இருப்பதாகச் சொன்னார்.

மணி இரண்டாயிற்று. குழந்தைகள் சிணுங்கின. ஓக்பெய்டே தயங்கித் தயங்கிக் கிரீம் பாட்டில் பக்கம் கையை நீட்டினார். அடேசுவா அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இயக்குநர் வரட்டும்” என்றாள்.

ஃப்ரைடே போனில் அழைத்தார். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் மணி அடித்தது.

“வந்துக்கிட்டே இருக்கேன். பாலத்துக்கிட்ட” என்ற குரல் போனிலும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது. கூடவே வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம்.

ஓமொசெடே அம்மையார் தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டார். “அங்க நல்ல மழை போல இருக்கு” என்றார் மரியாதையாக.

எல்லோரும் அடேசுவாவைப் பார்த்தார்கள். அவள் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“ஆமா மேடம். அந்தப் பக்கம் காலையிலேர்ந்தே மழதான்” என்றாள்.